மூன்று வார நூல்

வயிற்றைத் திறப்பதற்கு எனக்கு ஆறு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். மூடுவதற்கு என்ன நூல் என்பதை மட்டும் ஒரு பீரோ முடிவுசெய்தது.

பீரோ என்பது நாங்கள் வைத்த பெயர். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரின் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும். இரண்டே அறைகள். மேல் அறையில் ஊதா நூல். மூன்று வாரத்தில் பலம் போய், பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். கீழ் அறையில் நீல நூல். ஆறு மாதம் விடாமல் பிடித்து நிற்கும். அது வெளிநாட்டிலிருந்து கொஞ்சமாகத்தான் வருகிறது. அதனால் நோயாளியின் வயது, எடை, சர்க்கரை, தொழில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த வயிற்றுக்கு இந்த நூல் என்று பீரோவே ஓர் அறையைத் திறக்கும். மற்றது பூட்டியே கிடக்கும். ஒன்பது வருடமாக எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இதுதான் நடைமுறை.

அன்றைக்கு மேசையில் கிடந்தவள் சந்தனமாரி. வயது நாற்பத்தொன்று. குடலில் ஓட்டை விழுந்து, வயிறு பலகை மாதிரி இறுகி, காலை ஏழு மணிக்குச் சரக்கு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரே கோடாகத் திறந்தோம். ஓட்டையை அடைத்தோம். கழுவினோம். மூடும் நேரம் வந்தது. பீரோ டிக்கென்றது. மேல் அறை திறந்தது.

"சிஸ்டர், இவங்க தொழில் என்னன்னு இருக்கு?"

சிஸ்டர் பெனடிக்டா திரையைப் பார்த்தார். "உப்பளம். தலைச்சுமை."

"தலைச்சுமைன்னு தெரிஞ்சுமா ஊதாவைத் திறக்குது?"

"நான் திறக்கலையே டாக்டர். என்னை ஏன் முறைக்கிறீங்க?"

எதிர்ப்பக்கம் நின்ற என் தலைமை மருத்துவர் ஞானதுரை நிமிர்ந்தார். நல்ல கை அவருக்கு. குடலைத் தொட்டால் குடலுக்கே தெரியாது. "ஏம்மா இசக்கி, என்ன பிரச்சினை?"

"சார், தோலுக்குக் கீழே இருக்கிற வெள்ளைப் படலம்தான் மொத்த வயித்தையும் தாங்குது. மூணு வாரத்துல அது பாதி பலம்கூட வந்திருக்காது. இந்த நூல் மூணு வாரத்துல கையை விட்டுரும். அப்ப இவங்க தலையில முப்பது கிலோ உப்பு இருக்கும். குடல் பிதுங்கிக்கிட்டு வெளிய வரும். இது தெரிய பெரிய படிப்பு வேண்டாம் சார்."

"நீ ஒரு புஸ்தகம் படிச்சிருக்கே. பீரோ நாப்பதாயிரம் வயிறு படிச்சிருக்கு. சிஸ்டர், காரணத்தைத் தட்டுங்க."

சிஸ்டர் முழங்கையால் தட்டினார். திரையில் வந்தது: உப்பளத் தொழிலாளர், ஊதா நூல், பிற்காலச் சிக்கல் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. மாநிலத்திலேயே மிகச் சிறந்த குணமாதல். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வங்கி மேலாளர்கள்: நூற்றுக்குப் பதினொன்று.

"பாத்தியா? ஏசியில உக்காந்திருக்கிறவனுக்குத்தான் பிரியுது. உப்பு சுமக்கிறவங்க உடம்பு வேற மாதிரிம்மா. கட்டை மாதிரி."

என் அம்மா இருபத்தாறு வருடம் உப்பு சுமந்தவள். அவளுக்குக் கட்டை உடம்பு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ராத்திரி ராத்திரி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதெல்லாம் கட்டைக்குத்தான் போல.

"நீல நூலுக்கு மனு போடுவோம் சார்."

"போடு. சென்னையிலிருந்து பதில் வர நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வயித்தைத் திறந்தே வச்சிருப்பியா?"

"நைலானாவது குடுங்க. அது கரையவே கரையாது."

"நைலானை நாங்க சண்டை போட்டுத்தான் வெளிய அனுப்பினோம்." அவர் குரல் இப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "ஒல்லி உடம்புல முடிச்சு தோலுக்கடியில குத்திக்கிட்டே இருக்கும். சீழ் பிடிச்சா வருசக்கணக்கா உள்ள கிடந்து அழுகும். அது நியாயமான சண்டை. உனக்கு வயசு போதாது. தைம்மா."

தைத்தேன். விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர், தையலுக்குத் தையல் அரை சென்டிமீட்டர், காயத்தின் நீளத்துக்கு நாலு மடங்கு நூல். என் கைக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். நூல் விட்டுவிட்டால் கை என்ன செய்யும்?

வீட்டுக்குப் போகும் அன்று சந்தனமாரியிடம் மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றேன். "சரிம்மா" என்றாள். டாக்டரிடம் சொல்கிற சரி. எங்கள் தெருவில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சரிக்கு அர்த்தம் தெரியும்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு வருடம், செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு ஒரு தானியங்கி அழைப்பு போகும். அந்தப் பதிலைத்தான் பீரோ படிக்கிறது. ஐந்து வாரமாக சந்தனமாரியின் பெயருக்கு நேரே பச்சை. ஐந்தும் நலம். நான் நம்பவில்லை. அடுத்த செவ்வாய் விடுப்புப் போட்டுவிட்டு அவள் வேலைபார்க்கும் உப்பளத்துக்குப் போனேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த அளத்தில் சுமை தூக்கும் இயந்திரங்கள் நாற்பது கொண்டுவந்து இறக்கினார்கள். இனி யாரும் சுமக்க வேண்டாம் என்று பந்தல் போட்டுப் பேசினார்கள். ஒரே கோடைக்குள் உப்பு அவற்றின் மூட்டுகளைத் தின்றுவிட்டது. கரையோரம் துருப்பிடித்துக் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு உதிரி பாகம் வரவேண்டும், பழுதுபார்க்க ஆள் வரவேண்டும். பொம்பளைகளுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

சந்தனமாரி அம்பாரத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். அம்பாரம் என்றால் வாரிய உப்பைக் குவித்து வைக்கிற குன்று. தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்டி நிறைய ஈர உப்பு. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. சட்டைக்கு உள்ளே வயிற்றைச் சுற்றி ஏதோ தடிமனாக இறுக்கிக் கட்டியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"ஏட்டி மாரி, ஒன் டாக்டர் வந்திருக்காவ!" என்று கீழேயிருந்து ஒருத்தி கத்தினாள். அவள் பெயர் ரூபி. "ஓடி ஒளிஞ்சுக்க!"

"எங்கன ஒளிய? உப்புக்குள்ளயா?" மேலேயிருந்து பெட்டியைக் கவிழ்த்துவிட்டு சந்தனமாரி இறங்கி வந்தாள். வெட்கப்பட்ட மாதிரியே இல்லை. "வாங்க டாக்டரம்மா. கஞ்சி குடிக்கீயளா?"

"மூணு மாசம் தூக்கக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"சொன்னீய. கேட்டேன்லா."

"கேட்டுட்டு?"

"கேட்டுட்டு ஒரு வாரம் படுத்தேன். அப்புறம் எந்திச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பத்து மணி, கஞ்சி நேரம். பம்பு கொட்டகை நிழலில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அங்கங்கே போன் அடித்தது. ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது. சேலை மடிப்பிலிருந்தும் தூக்குவாளிப் பையிலிருந்தும் எடுத்தார்கள். அந்தக் குரல் எனக்கும் தெரியும்: வணக்கம், நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், சிக்கல் இருந்தால் இரண்டை அழுத்தவும். ஆனால் அன்றைக்கு எந்தப் போனிலும் அது 'வண' என்பதைத் தாண்டவில்லை. ஒன்பது பேரும் பார்க்காமலே ஒன்றை அமுக்கிவிட்டு, விரலில் ஒட்டிய உப்பைத் துடைத்துக்கொண்டு கஞ்சியைத் தொடர்ந்தார்கள்.

"என்ன கேக்குதுன்னே கேக்காம அமுக்குறீங்க?"

"என்ன கேட்டா என்ன? ரெண்டை அமுக்குனா அட்டை பூட்டிக்கிடும்" என்றாள் சந்தனமாரி.

அட்டை என்பது அளத்துக்குள் நுழைய வேலையாட்களுக்குக் கொடுத்திருப்பது. வாசலில் காட்டினால் பச்சை எரிய வேண்டும். உடம்பில் சிக்கல் உள்ளவர்களை வேலைக்கு விடக் கூடாது என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர் நலனுக்காக. அதனால் ஆஸ்பத்திரியின் அழைப்பையும் அட்டையையும் இணைத்துவிட்டார்கள். இரண்டை அமுக்கியவளுக்கு மறுநாள் காலை சிவப்பு எரியும்.

"சட்டத்துக்கு முந்தியும் இந்தக் கதைதான். சீக்குன்னு சொன்னா மேஸ்திரி வேற ஆள எடுத்துருவாரு" என்றாள் சண்முகக்கனி. அங்கே இருந்தவர்களில் மூத்தவள். "இப்பம் மெசினே எடுத்துருது. மேஸ்திரிக்கு நல்ல பேரு."

"எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்ட்டி" என்று ரூபி ராகம் போட்டுச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

கொட்டகைக்குப் பின்னால் போய் ஒவ்வொருத்தியாகச் சட்டையைத் தூக்கச் சொன்னேன். வயிறு திறந்து தைக்கப்பட்டவர்கள் மொத்தம் பதினோரு பேர். ஒன்பது பேருக்கு அழைப்பு வருகிறது, இரண்டு பேருக்கு வருடம் முடிந்து அழைப்பும் நின்றுவிட்டது. எல்லாருக்கும் ஊதா நூல். இருமச் சொன்னேன். ஏழு வயிறு புடைத்தது. சண்முகக்கனிக்குத் தேங்காய் அளவு. நாலு முழத் துண்டை வரிந்து கட்டி அதை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டுதான் மூன்று வருடமாக அம்பாரம் ஏறுகிறாள். சந்தனமாரிக்கு இப்போதைக்கு முட்டை அளவு. நான் அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையலாகப் போட்ட என் கோட்டின் நட்டநடுவில்.

"பயந்துட்டீயளா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்தது பயம் இல்லை. அந்தக் கொட்டகைத் தகரத்தைக் காலால் எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

வங்கி மேலாளருக்கு முடிச்சு லேசாகக் குத்தினால் இரண்டை அமுக்குவான். அமுக்கிவிட்டு மனைவியிடம் சொல்வான், கடைசியில் கலெக்டர் வரைக்கும் சொல்வான். அவனுக்கு நூற்றுக்குப் பதினொன்று. இங்கே பதினொன்றுக்கு ஏழு. ஆனால் திரையில் இவர்கள்தான் மாநிலத்திலேயே மிகச் சிறந்த குணமாதல். வாயைத் திறக்க முடிந்தவனுக்கு நீலம். முடியாதவளுக்கு ஊதா. பீரோவுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது, அது கொடுத்ததைப் படிக்கிறது. வன்மம் இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

கிளம்பும்போது சண்முகக்கனி என் கையைப் பிடித்தாள். "நீங்க பேச்சித்தாய் மவதானே? ஒங்கம்மாட்டயும் இருமச் சொல்லிப் பாருங்க."

அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அன்று மத்தியானம் வீட்டில் அவளை நிறுத்தி வைத்து இருமச் சொன்னேன். மாட்டேன், மாட்டேன் என்று மூன்று தடவை மறுத்துவிட்டு இருமினாள். பார்த்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? பரிட்சைய விட்டுட்டு வந்து உக்காருவ."

"வாராவாரம் போன் வந்துச்சே. யாரு ஒண்ணை அமுக்குனது?"

அவள் என்னையே பார்த்தாள். எனக்கு ஞாபகம் வந்தது. அவள் போன் என்னிடம்தான் இருக்கும். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "யம்மா, நல்லாத்தானே இருக்கே?" என்பேன். அடுப்படியிலிருந்து "ம்" என்பாள். ஐம்பத்திரண்டு வாரமும் அமுக்கியது நான். சந்தனமாரியின் வயிற்றுக்கு ஊதாவைத் திறந்த நாற்பதாயிரத்தில் ஒன்று என் விரல்.

மூன்று வாரம் கழித்து சந்தனமாரி மறுபடி வந்தாள். புடைப்பில் குடல் சிக்கிக்கொண்டு பச்சைப் பச்சையாக வாந்தி. உடனே திறக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்க ஆள் தயாராகிக்கொண்டிருந்தபோது, பதிவுத் திரையில் தொழில் என்ற கட்டத்தை நான் தட்டினேன். உப்பளம் என்பதை அழித்தேன். வங்கி எழுத்தர் என்று போட்டேன்.

சிஸ்டர் பெனடிக்டா என் தோளுக்குப் பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் திரும்பவில்லை.

"எழுத்தர்னு எதுக்கு? குறைச்சலா இருக்கு" என்றார். "மேலாளர்னே போடுங்க டாக்டர். போடுறதுதான் போடுறோம்."

மேலாளர் என்று போட்டேன். சிக்கிய குடலை விடுவித்து முடித்ததும் பீரோ டிக்கென்றது. கீழ் அறை திறந்தது. ஞானதுரை சார் நீல நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். "பீரோ மனசு மாறிடுச்சு போல" என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே தைத்தார். அழகாகத் தைத்தார்.

இரண்டாவது தடவை சந்தனமாரியே பயந்துபோனாள். மூன்றரை மாதம் உண்மையாகவே வீட்டில் இருந்தாள். எங்கள் ஸ்கேனில் கோடு ஒட்டி, கெட்டியாக, ஓர் இழை பிரியாமல் இருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்து வருகிறவளுக்கும் இதையே செய்வதாக இருந்தேன்.

வேலைக்குத் திரும்பின திங்கட்கிழமையே புற நோயாளிகள் வரிசையை முட்டிக்கொண்டு சந்தனமாரி என் மேசைக்கு வந்தாள். அட்டையை மேசைமேல் எறிந்தாள்.

"வாசல்ல என்ன சொல்லுது தெரியுமா? நான் உப்பளத் தொழிலாளி இல்லையாம். வங்கி மேலாளராம். அட்டை செல்லாதாம். யாரு பண்ணுன வேல இது?"

அறையில் முப்பது பேர். "அக்கா, உள்ள வாங்க, பேசுவோம்."

"இங்கனயே பேசு. நீதானே?"

"நான்தான். நல்ல நூல் கிடைக்கணும்னு..."

"என்னைய கேட்டியா?"

நான் அட்டையைக் கையில் எடுத்தேன்.

"மெசின் என்னைய கேக்கல. பெரிய டாக்டர் கேக்கல. சரி, அவுகளுக்கு நான் யாரோ. நீ பேச்சித்தாய் மவ. நீயும் கேக்கல. பதினாறு வயசுலருந்து சொமக்கேன். அளத்துல எனக்குன்னு இருக்கது அந்த ஒரு பேருதான். வயித்தைத் தைக்கேன்னு சொல்லி அதை அறுத்து எறிஞ்சுட்டியே. மேலாளராம். எந்த வங்கில எனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்க? சொல்லு, போய் உக்காருதேன்!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சந்தனமாரி திரும்பிப் பார்த்த பார்வையில் அது நின்றது.

தொழிலைத் திருத்தச் சொல்லி அன்றே விண்ணப்பித்தேன். ஒரு தடவை மாற்றிய பதிவை ஒரு வருடத்துக்கு மறுபடி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. ஏமாற்று வேலையைத் தடுப்பதற்காகவாம். மறுநாள் செவ்வாய். நானும் அவளும் அளத்துக்குப் போனோம். மேஸ்திரி தவசியிடம் பொய் என்னுடையது, இவளுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"எனக்குத் தெரியாதா டாக்டரம்மா, மாரி யாருன்னு? ஆனா வாசல்ல மெசின் மேலாளர்னு காட்டுதே. ஒரு மேலாளரை நான் எப்படி உப்பு சொமக்க வைக்க? நாளைக்கு என்னையல்லா பிடிப்பாவ."

கொட்டகை நிழலுக்கு வந்தோம். கஞ்சி நேரம். எல்லாரும் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே பேசினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் வரும். உங்க ஒவ்வொருத்தர் வயிறும் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் சேர்ந்து இரண்டை அமுக்குங்க. ஒருத்தி அமுக்கினால் அவள் அட்டை பூட்டும். எல்லாரும் அமுக்கினால் அளமே பூட்டும், அப்போது யாராவது வந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்? நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

சண்முகக்கனி தூக்குவாளியை மூடிவைத்தாள்.

"நீங்க சொல்லுதது சரிதான் டாக்டரம்மா. ஆனா பூட்டுன அட்டை என்னைக்குத் திறக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"எங்களுக்கும் தெரியாது. ஒங்களுக்கு அட்டை கிடையாதுல்லா. அதான் லேசா வருது."

போன்கள் அடித்தன. சண்முகக்கனி சொன்னதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண, டிக். வண, டிக். ஒவ்வொன்றாக அடங்கின. ஒன்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

சந்தனமாரியின் போன். மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அவளும் எடுத்தவுடன் ஒன்றை அமுக்கித்தான் பழகியிருக்கிறாள். இப்போது பூட்டுவதற்கு அவளிடம் அட்டை இல்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது பேசட்டும் என்று விட்டாள்.

"வணக்கம் மேடம்" என்றது குரல்.

ரூபிக்குக் கஞ்சி புரையேறியது.

"தங்கள் உடல்நலம் குறித்து அறிய விரும்புகிறோம். நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். சிக்கல் இருந்தால் இரண்டை அழுத்தவும். மருத்துவருடன் நேரில் பேச விரும்பினால், மூன்றை அழுத்தவும்."

கொட்டகையில் எல்லாத் தலைகளும் போன் பக்கம் திரும்பின. பம்பு மட்டும் ஓடியது.

"மூணா?" என்றாள் சண்முகக்கனி. "எங்களுக்கு மூணு கிடையாதே."

எனக்கும் தெரியாது. ஏழு வருடம் படித்திருக்கிறேன், அந்தப் பீரோவுக்கு முன்னால் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன். மேலாளர்களுக்கு ஒரு மூன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறான்.

சந்தனமாரி மூன்றை அமுக்கினாள். இரண்டே மணி அடிப்பு. எடுத்துவிட்டார்கள்.

"குட் மார்னிங் மேடம், டாக்டர் பேசறேன். இந்த அழைப்பு பதிவாகுது, பரவாயில்லையா? உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணுஞ் செய்யல. நல்லா இருக்கேன்" என்றாள் சந்தனமாரி. "மத்தவங்களுக்குத்தான். எழுதிக்கிடுதீயளா?"

"மத்தவங்கன்னா?"

"எங்க ஆளுங்க. எங்கூட வேலை பாக்குறவங்க." போனைச் சண்முகக்கனியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கையால் வாய்ப்பக்கத்தை மூடிக்கொண்டு, "பேரு சொல்லாத. வயித்த மட்டும் சொல்லு" என்றாள்.

சண்முகக்கனி என்னைப் பார்த்தாள், மேஸ்திரி அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு போனுக்குக் குனிந்தாள். "மூணு வருசமாச்சு. தொப்புளுக்கு மேல. தேங்கா தண்டி இருக்கு. இருமுனா வலி உசிர் போவுது." நிறுத்தினாள். "ஊதா நூலு."

ரூபி அடுத்து வாங்கினாள். ரூபிக்குப் பின்னால் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எப்போது வரிசையானார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒன்றை அமுக்கின அதே விரல்களால் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் தன் வயிற்றைச் சொன்னாள். எத்தனை மாதம், எந்த இடம், என்ன தண்டி. பேச எனக்கு அங்கே வேலை இல்லை.

ஐந்தாவது ஆளோடு அந்த டாக்டரின் குரல் மாறிவிட்டது. "மேடம், ஒரு நிமிஷம், போனை நீங்க வாங்குங்க. ஒரே ஆபீஸ்ல இத்தனை பேருக்கா? இது ரொம்ப சீரியஸ் மேடம். இதுவரைக்கும் ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லதுக்கு மூணு இல்லியே."

"புரியல மேடம். சரி, விடுங்க. மேலாளர் நிலையில புகார் வந்தா உடனே ஆள் அனுப்பணும்னு விதி. ஸ்கேன் வண்டியோட டீம் இன்னைக்கே வரும். மொத்தம் எத்தனை பேர்?"

சந்தனமாரி நிமிர்ந்து பாத்திகளைப் பார்த்தாள். பக்கத்து அளத்தின் வரப்பிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் வந்துக்கிட்டிருக்காவ. பெரிய வண்டியா அனுப்புங்க."

"உங்க கிளை எங்க இருக்கு மேடம்?"

"ரயில்வே கேட்டத் தாண்டி நேரா கிழக்க வாங்க. மெசின்லாம் துருப்பிடிச்சுக் கவுந்து கிடக்கும், அதுக்கு அங்கிட்டு வெள்ளையா மலை மாதிரி தெரியும். அங்கன இறங்கி நடக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "செருப்பு போட்டுட்டு வாங்க. கால அறுத்துப்புடும்."